இளையோரைப் பார்த்துக்கொள்பவர்கள்

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அன்று காலை கடல் ஏறிவந்ததில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அன்றே சோறு சமைத்துச் சுற்றியிருந்த மீனவ மக்களின் பசியாற்றினார்கள். அந்த நாள்களில் உடல்களைத் தேடியவர்களிலும் நிவாரண மூட்டைகளைச் சுமந்தவர்களிலும் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள் எத்தனையோ பேர். 2011-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஒவ்வொரு தடவையும் முதலில் களத்தில் இறங்குவது இந்த வயதுதான்.

அவர்களை நாம் மெச்சுகிறோம். மெச்சவும் வேண்டும். ஆனால் அவர்கள் சாப்பிட்டார்களா, இரவில் தூங்கினார்களா, எல்லோரும் வீடு திரும்பினார்களா என்று கேட்கும் மூத்த தொண்டர்களைப் பற்றி நாம் பேசியதே குறைவு. கத்தோலிக்கப் பங்குகளின் இளையோர் இயக்கத்திலும் சீர்திருத்த சபைகளின் வாலிபர் ஐக்கியத்திலும் அப்படி ஓர் அண்ணனோ அக்காவோ இருப்பார். பகலில் ஆசிரியர், செவிலியர், கடைக்காரர். ஞாயிறு மாலை இந்தப் பிள்ளைகளுக்கு.

இந்தத் தொண்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. பங்குகளில் நமக்குப் பழக்கமான வின்சென்ட் தே பால் சபை 1833 ஏப்ரல் 23 அன்று பாரிஸில் பிறந்தது. அன்றுதான் அதைத் தொடங்கிய மாணவர் ஃபிரடெரிக் ஓசானாமுக்கு 20 வயது நிறைந்தது. முந்தைய ஆண்டுதான் காலரா அந்நகரைச் சூறையாடியிருந்தது. மாணவர்கள் கூட இடம் தந்து, தலைவராகவும் இருந்தவர் எமானுவேல் பெய்யி என்ற பத்திரிகையாசிரியர். அவர்களைவிடச் சுமார் இருபது வயது மூத்தவர். எந்தச் சந்தில் எந்த வீட்டைத் தட்டுவது, அங்கே எப்படிப் பேசுவது என்று கற்றுத்தந்தவர் ரோசாலி ரெண்டூ என்ற அருட்சகோதரி. ஓசானாமின் பெயர் நிலைத்தது. மற்ற இருவரும் இல்லாமல் அந்த மாணவர்களின் வேகம் ஓராண்டு தாங்கியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

நம் மண்ணில் இந்தப் பொறுப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. சாதியைச் சபைக்குள் அனுமதிக்கலாமா என்ற பூசலில் லைப்சிக் மிஷனைவிட்டு வெளியேறிய கார்ல் ஓக்ஸ், 1860-களில் பண்ருட்டிப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் பணியைத் தொடங்கினார். டேனிஷ் மிஷனோடு இணைந்த அந்தப் பணியிலிருந்தே, இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை வளர்ந்தது. பிரச்சினை தீர்ந்துவிட்டதா? இல்லை. முகாமில் யார் யாரோடு பந்தியில் உட்காருகிறார்கள், யாருக்குக் கழிவறை வேலை விழுகிறது, யார் மைக் பிடிக்கிறார்கள் என்பதைக் கூர்ந்து கவனிக்கும் மூத்தவர் இல்லாவிட்டால், ஊரின் பிரிவினை சேவையின் பெயராலேயே உள்ளே வந்துவிடும்.

பதினெட்டைத் தாண்டியவர்களை யாரும் பார்த்துக்கொள்ளத் தேவையில்லை என்ற எண்ணம் ஆபத்தானது. போக்சோ சட்டத்தின் காவல் 18 வயதோடு நின்றுவிடுகிறது. ஆனால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியமில்லாமல் தொண்டு செய்யும் பெண்ணையும் பணியாளராகவே கணக்கில் எடுக்கிறது. பத்துப் பேருக்கும் குறைவாகப் பணிபுரியும் இடமானால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். முகாமுக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாளே இதைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனும் இந்த விதிக்கு உட்பட்டவர்தான். நல்லவர் என்ற பெயர் விசாரணைக்கு மாற்றாகாது.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டங்கள் பல கடலூர், சிதம்பரம் வழியாகப் போகின்றன. விடியுமுன் இருட்டில், லாரிகள் பறக்கும் சாலையோரம் நடக்கும் இளைஞர்களின் முன்னும் பின்னும் ஒளிரும் பட்டை அணிந்த ஒருவர் வேண்டும். கொப்புளத்துக்கு மருந்து வேண்டும். நடக்க முடியாதவரை வண்டியில் ஏற்றும்போது உடன் ஒரு பெண் தொண்டர் வேண்டும். கொடிக்கும் பந்தலுக்கும் பணம் ஒதுக்கும் பங்குப் பேரவைகளும் சபைக் குழுக்களும் இதற்கும் ஒதுக்கட்டும். முதலுதவிப் பயிற்சி, விபத்துக் காப்பீடு, துயரத்தைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளையோடு பேச ஒரு மனநல ஆலோசகர் ஆகியவற்றுக்கான தொகையை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அவர்கள் கணக்கில் எழுதிவிட வேண்டும்.