மேலே தேக்கு ரேகை, அடியில் துரு

பார்த்தால் தேக்கு, தட்டினால் இரும்பு. கட்டில் கால், சாப்பாட்டு மேஜையின் சட்டம், பீரோ கதவு, சோபாவின் கைப்பிடி என்று மரத்தோற்றம் கொண்ட இரும்புச் சாமான்கள் இன்று நடுத்தர வீடுகளில் சாதாரணமாகிவிட்டன. தேக்கு விலை கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. மலிவான மரம் என்றால் கரையான் பயம். இரும்பின் உறுதியும் மரத்தின் அழகும் ஒரே பொருளில் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? அந்த ஆசையில் தவறே இல்லை. ஆனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடற்கரைப் பகுதியில் இந்த வேலையைச் செய்யும் விதமும் விற்கும் விதமும் மாற வேண்டும். மேல்பூச்சின் அழகைக் காட்டிக் காசு வாங்குகிறார்கள். அந்தப் பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பில்லில் ஒரு வார்த்தை கிடையாது.

இரும்புக்கு மரத்தோற்றம் கொடுப்பது நேற்று வந்த பழக்கமல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ரயில்கள் மரப்பெட்டியிலிருந்து எஃகுப் பெட்டிக்கு மாறின. விபத்து நேர்ந்தால் மரப்பெட்டி தீப்பிடித்து எரியும் என்ற அச்சம் அதற்கு முக்கியமான காரணம். மரத்துக்குப் பழகிய பயணிகளின் கண்ணுக்காக எஃகுச் சுவர்களில் மஹோகனி ரேகையைப் பெயின்டர்கள் தூரிகையால் வரைந்தார்கள். முதலில் வெளிர் மஞ்சள் பழுப்பில் ஓர் அடிப்பூச்சு. அது காய்ந்ததும் மேலே அடர்நிறத்தில் மெல்லிய இன்னொரு பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே சீப்பாலும் உலர்ந்த பிரஷ்ஷாலும் இழுத்து ரேகை எடுத்து, கடைசியில் வார்னிஷ் அடிப்பார்கள். இந்தியாவில் கோத்ரெஜ் 1923-லேயே எஃகு பீரோ செய்யத் தொடங்கியது. 1955 அக்டோபர் 2 அன்று நம் பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்ட பிறகு, இந்திய ரயில்களிலும் மர உடல் கொண்ட பெட்டிகள் எஃகுக்கு வழிவிட்டன.

உலோகத்தின் மேல் கைவேலை செய்வதில் வடசென்னைக்கு நல்ல பெயர் உண்டு. திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் புல்லட்டின் பெட்ரோல் டாங்கில் தங்கக்கோடு இழுத்த பெயின்டர்களுக்கு ஸ்டென்சில் தேவைப்படவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே வீச்சில் கையாலேயே இழுத்தார்கள். இப்படிப்பட்ட கைகள் பிறந்த மண்ணில் மரத்தோற்றப் பூச்சு மட்டமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்று சந்தையில் மூன்று வழிகள் நடப்பில் இருக்கின்றன. முதலாவது, மேலே சொன்ன கைப்பூச்சு. அது அருகி வருகிறது. இரண்டாவது பவுடர் கோட்டிங் வழி. இரும்பின் மேல் பாலியெஸ்டர் பவுடரைத் தூவி, சுமார் 200 டிகிரி சூட்டில் அடுப்பிலிட்டு இறுக்குகிறார்கள். அதன் மேல் மர ரேகை அச்சிட்ட ஃபிலிமைச் சுற்றி, உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடியும் சூடேற்றுகிறார்கள். ஃபிலிமில் இருக்கும் மை ஆவியாகிப் பூச்சுக்குள்ளேயே இறங்கிவிடும். ரேகை மேலே ஒட்டியிருப்பதில்லை, பூச்சின் உள்ளேயே இருக்கிறது. அதனால் நகத்தால் சுரண்டினால் உரியாது. அலுமினிய ஜன்னல்களில் இன்று காணும் மரத்தோற்றம் பெரும்பாலும் இந்த வழியில் வந்ததுதான்.

மூன்றாவதுதான் நிஜ மரம். அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய தேக்கு வெனீரை இரும்பின் மேல் ஒட்டுவது. மூன்றில் மிக அழகானதும் இதுதான், மிகச் சிரமமானதும் இதுதான். வெயில் சூட்டில் இரும்பு விரியும். மரத்தை விரிப்பதோ ஈரம். அதுவும் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே. இப்படி வெவ்வேறு காரணத்துக்காக வெவ்வேறு பக்கம் இழுக்கும் இரண்டையும் நடுவில் இருக்கும் பசை தாங்கியாக வேண்டும். தச்சர்கள் பலகைக்குப் போடும் வெள்ளைப் பசை இங்கே உதவாது. அது காய வேண்டுமானால் அதன் தண்ணீரை அடிப்பரப்பு உறிஞ்ச வேண்டும். இரும்பு உறிஞ்சாது, துருத்தான் பிடிக்கும். எபாக்சி பசையோ செயற்கை ரப்பர் பசையோ வேண்டும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னரால் துடைக்க வேண்டும். இரும்பையும் எமரி தாளால் சொரசொரப்பாக்கி, பிரைமர் அடித்திருக்க வேண்டும்.

பிரைமரைத் தவிர்த்தால் என்ன ஆகும்? கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சிய ஊர் இது. அன்னபேதி இரும்பு உப்பு, கடுக்காயில் இருப்பது டானின். வெனீரிலும் டானின் இருக்கிறது. ஈரம் புகுந்தால் வெறும் இரும்போடு அது சேர்ந்து அதே கறுப்பை உண்டாக்கும். தேக்கு ரேகைக்கு நடுவே திட்டுத்திட்டாகக் கறை கிளம்பும். மேலே எத்தனை பாலீஷ் போட்டாலும் அந்தக் கறை போகாது.

கோயில் கொடிமரத்தை நினைத்துப் பார்க்கலாம். அங்கே மரத்தூணுக்குச் செம்பு அல்லது பித்தளைத் தகடு கவசம். வெயிலையும் மழையையும் உலோகம் வாங்கிக்கொள்கிறது, உள்ளே மரம் நிற்கிறது. மரத்தோற்றச் சாமானில் இந்த வரிசை தலைகீழ். தண்ணீருக்கு அஞ்சும் இரும்பு உள்ளே, ஈரத்தை வாங்கும் மரம் வெளியே. ஆகவே இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பூச்சுத்தான் கவசம். அதைத்தான் பல இடங்களில் முதலில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

கடற்கரை இந்த மிச்சத்தை மன்னிப்பதில்லை. காற்றில் வரும் உப்பு எந்தப் பரப்பில் படிந்தாலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரி மின்நிலையங்களும் கந்தக வாயுவை வெளியிடுகின்றன. உப்பும் கந்தகமும் சேர்ந்தால் துரு வேகமெடுக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலே இருக்கும் பூச்சை அடியிலிருந்து நெம்பித் தூக்குகிறது. மர ரேகை கொப்புளம் விடுவது இப்படித்தான். காசிமேட்டில் படகு வைத்திருப்பவர்களுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இதைவிட மோசமான எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: தரை துடைக்கும் தண்ணீர். மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. வடசென்னையில் பல வீடுகளின் போர் தண்ணீரும் உப்பு. அந்தத் தண்ணீரில் தினமும் தரையைத் துடைத்தால் கட்டில் காலின் அடிப்பகுதி தினமும் உப்பில் நனைகிறது. கால் என்பது உள்ளே கூடான குழாய். வெளியே எவ்வளவு அழகான பூச்சு இருந்தாலும் குழாயின் உட்புறம் பெரும்பாலும் வெறும் இரும்பு. அடியில் போடும் ரப்பர் புஷ் தளர்ந்தாலோ கிழிந்தாலோ, துரு உள்ளிருந்து கிளம்பி வெளியே வரும். வெளியே தெரியும் நாளில் கால் பாதி தீர்ந்திருக்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் போட்டிருக்கிறோம் என்று சொன்னாலும், வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போயிருக்கும். அந்த மூட்டில் துத்தநாகம் மிகுந்த பிரைமரைத் தடவினார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஆகவே இந்தப் பகுதிக்கு எது பொருத்தம் என்பதில் குழப்பம் தேவையில்லை. தரையைத் தொடும் காலுக்கும் ஜன்னலோரச் சாமானுக்கும் பவுடர் கோட்டிங் வழிதான் சரி. அதற்கு முன் எண்ணெய் நீக்கி, துரு நீக்கி, பாஸ்பேட் ஏற்றி, தொட்டி தொட்டியாக முக்கியெடுக்கும் வேலை முழுதாக நடந்திருக்க வேண்டும். நிஜ வெனீரைக் கட்டிலின் தலைமாட்டுக்கும் டிராயர் முகப்புக்கும் வைத்துக்கொள்ளலாம். அங்கே தண்ணீர் படாது, கண் படும். வெனீரின் ஓரங்களை மட்டும் சீலர் போட்டு மூடிவிட வேண்டும், ஈரம் முதலில் நுழைவது அங்கேதான். வெறும் இரும்பில் ஒரு கை ரெட் ஆக்சைடு, அதன் மேல் மரக்கலர் ஸ்ப்ரே என்று முடிக்கிற வேலையைக் கடற்கரையில் விற்கவே கூடாது.

குற்றம் பட்டறையின் மேல் மட்டும் இல்லை. வாங்குபவர் ரேகையைப் பார்க்கிறார், பளபளப்பைத் தடவிப் பார்க்கிறார், விலையைக் குறைக்கச் சொல்கிறார். குறைத்த விலைக்குக் கடைக்காரர் எதையாவது குறைத்தாக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் மேல்பூச்சைக் குறைக்க முடியாது என்பதால் பிரைமரும் தகட்டின் கேஜும் குறைகின்றன. அடிப்பூச்சுக்காக நாள் முழுக்கத் தேய்த்துச் சுத்தம் செய்யும் தொழிலாளியின் கூலியும் அங்கேதான் அடிபடுகிறது. நல்ல வேலைக்கு நல்ல விலை கொடுக்க மக்கள் தயாராக இருக்கிறார்கள். எது நல்ல வேலை என்று தெரிந்துகொள்ளத்தான் அவர்களுக்கு வழியில்லை.

வழி காட்டும் அறிவு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோக அரிப்பைப் பல பத்தாண்டுகளாக ஆராய்கிறது. கடலோரத்தில் உலோகம் எப்படி அழிகிறது என்பதை அறிய மண்டபத்தில் அதற்குத் தனி நிலையமே உண்டு. பூச்சின் வலுவை அளக்க ஐ.எஸ். 9844 என்ற இந்தியத் தர நிர்ணயமும் இருக்கிறது: 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்புநீரைத் தொடர்ந்து தூவி, எத்தனை மணி நேரத்தில் துரு தெரிகிறது என்று பார்ப்பது. மோட்டார் உதிரிப்பாகத் தொழிலில் இது அன்றாடம். எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரிக்குப் பாகம் செய்து கொடுக்கும் பகுதியில், வீட்டுக் கட்டிலுக்கு மட்டும் அந்தக் கேள்வியே எழுவதில்லை.

மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் இரும்புச் சாமான் வாங்கும் டெண்டரில் உப்புநீர்ச் சோதனை மணி நேரத்தைக் கட்டாயமாக்க வேண்டும். அரசு கேட்கத் தொடங்கினால் பட்டறைகள் தொட்டி போடும். அதே தொட்டியில்தான் வீட்டுக் கட்டிலும் முங்கும். வட்டாரப் பட்டறைகள் சேர்ந்து பொதுவான ஒரு பாஸ்பேட் கூடம் அமைக்கச் சிறுதொழில் துறை கைகொடுக்க வேண்டும். சிறிய பட்டறை தனியாக அந்தச் செலவைத் தாங்காது. கடைக்காரர்கள் தகட்டின் கேஜ், துத்தநாகம் உண்டா இல்லையா, பிரைமரின் பெயர் ஆகிய மூன்றையும் பில்லில் எழுதித் தர வேண்டும். அதுவரை, அடுத்த முறை மரத்தோற்றக் கட்டில் வாங்கப் போகிறவர்கள் ரேகையைப் பார்ப்பதற்கு முன் காலைக் கவிழ்த்துப் பார்க்கட்டும். புஷ்ஷைக் கழற்றி, குழாயின் உள்ளே பூச்சு இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்க்கட்டும்.