எந்த லேசர் என்பதற்கு முன்

முகச்சிவப்புக்கு எந்த லேசர் சிறந்தது என்னும் கேள்வி இப்போது தருமபுரி மாவட்டத்திலும் எழுகிறது. கேள்வி நியாயமானதே. எனினும், அதற்கு முன் விடைகாண வேண்டிய வேறொன்று உண்டு என்பது எம் கருத்து.

அந்தச் சிவப்பு ரோசேசியாதானா என்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும். ரோசேசியாவில் கன்னம், மூக்கு, நெற்றி, தாடை ஆகிய இடங்கள் சிவந்து எரியும். மெல்லிய இரத்த நாளங்கள் புலப்படும். பரு போன்ற கட்டிகளும் தோன்றலாம். மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரிவதில்லை. எரிச்சலும் சூடுமே முந்தி உணரப்படும். நிறம் கூடும் என்று பல மாதங்கள் பூசிய ஸ்டீராய்டு களிம்பும் இதே தோற்றத்தை உண்டாக்கும். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. அத்தகைய களிம்பைப் பூசியிருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். திடீரென நிறுத்தினால் எரிச்சல் பெருகக்கூடும்; அவர் சொல்லும் முறைப்படி நிறுத்துங்கள். காரணம் நீங்காத முகத்தில் லேசருக்குச் செலவிடுவது வீண்.

இனி லேசர்களுக்கு வருவோம். இரத்தத்தின் செந்நிறப் பொருள் ஒளியை உறிஞ்சிச் சூடாகி நாளத்தை மூடச் செய்வதே இச்சிகிச்சையின் அடிப்படை. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் அதே ஒளியை உறிஞ்சும் என்பதே நம் சிக்கல். 595 நானோமீட்டர் பல்ஸ்டு டை லேசர் சிவப்புக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது. சில அமைப்புகளில் ஓரிரு வாரம் கன்றிய நிறம் தங்கும். 532 நானோமீட்டர் கேடிபி லேசர் மெல்லிய நாளங்களுக்கு ஏற்றது. ஆனால் மெலனின் அதனை மிகுதியாக உறிஞ்சுவதால் கருந்தோலில் தழும்பும் கருமையும் வரும் வாய்ப்பு அதிகம். ஐபிஎல் என்பது லேசரன்று; பல அலைநீள ஒளி. நம் தோலில் அதைக் கையாளத் தனி எச்சரிக்கை வேண்டும். 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசரை மெலனின் குறைவாக உறிஞ்சும். ஆழமான, பருத்த நாளங்களை எட்டும். ஆனால் அளவு மிஞ்சினால் இதுவும் புண்ணாக்கும்.

ஆகவே நம்மவர் முகத்துக்கு வலிமை மிக்க கருவியைவிட, மாநிறத் தோலில் பழகிய கையே முதன்மை என்போம். காதருகே சிறு இடத்தில் சோதித்துப் பார்த்துச் சில வாரம் பொறுத்திருக்கக் கேளுங்கள். எத்தனை முறை வரவேண்டும், மொத்தச் செலவு எவ்வளவு என்பதையும் முன்னரே கேளுங்கள். ஒரே முறையில் நிரந்தரத் தீர்வு என்று உறுதியளிப்பவரை நம்பாதீர்கள். ரோசேசியா அடங்கும், மீண்டும் தலைதூக்கும். கட்டிகளுக்கு மெட்ரோனிடசோல், ஐவர்மெக்டின் களிம்புகளோ டாக்சிசைக்ளின் மாத்திரையோ மருத்துவர் தருவார். லேசர் அவற்றுக்கு மாற்றன்று. கண் உறுத்தினால் கண் மருத்துவரையும் காணுங்கள்.

வயலிலும் வெல்லம் காய்ச்சும் அடுப்பின் முன்னும் நிற்போர்க்கு வெயிலும் அனலுமே நோயைத் தூண்டும். வெயிலில் கறுத்திருக்கும்போது லேசரைத் தள்ளிப்போடுங்கள். தலைக்குத் துணி, முகத்துக்கு வெயில்காப்புக் களிம்பு, அடுப்பிலிருந்து சற்று விலகல் ஆகியவை சிறு செலவே. லேசருக்கு முன்னும் பின்னும் இவையின்றிப் பயனில்லை.