கர்ப்பப்பை இறக்கமும் நமது கடமையும்

ஸ்திரீகளின் தேக சம்பந்தமான விஷயங்களைப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். இவ்வாறு சுளித்துச் சுளித்தே எத்தனையோ தாய்மாரை ஆயுள் முழுவதும் வேதனைப்பட விட்டுவிட்டோம். ஆதலால் கர்ப்பப்பை இறக்கத்தைப் பற்றி இன்று ஒளிவுமறைவின்றி எழுதத் துணிகிறோம்.

பிரசவங்களினாலும், பாரம் தூக்குவதினாலும், முதுமையினாலும் இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்கின்றன. அப்பொழுது கர்ப்பப்பை கீழே சரிகின்றது. மூத்திரப்பையும் மலக்குடலும் யோனியின் சுவரைத் தள்ளிக்கொண்டு இறங்குவதுமுண்டு. புதுக்கோட்டை ஜில்லாவில் கல் குவாரிகளிலும் வயல்களிலும் பாடுபடும் ஸ்திரீகள் இதற்கு விலக்கானவர்களா?

இவ்வியாதியைச் சோதிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. காலையில் மல்லாந்து படுத்திருப்பவளை அவசரமாகப் பார்த்தால், இறங்கிய உறுப்பு மேலேறியிருக்கலாம். பகலெல்லாம் உழைத்து ஓய்ந்த மாலையிலேதான் உபத்திரவம் அதிகம். ஆகவே அவளை நன்றாக முக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அப்பொழுதும் தெரியாவிடில் நிற்கச் செய்து பார்க்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பப்படுகிறவள் மறுபடியும் வாய் திறக்கமாட்டாள்.

பார்த்தால் மட்டும் போதாது, அளக்கவும் வேண்டும். 1996-ம் வருஷத்தில் வெளியிடப்பட்ட ‘பாப்-க்யூ’ என்னும் சர்வதேச முறையில் ஒன்பது அளவுகள் எடுக்கப்படுகின்றன. யோனித் துவாரத்துச் சவ்வே எல்லைக்கோடு; அதற்கு மேலும் கீழும் சென்டிமீட்டர் கணக்கு. இறக்கமே இல்லையென்றால் பூஜ்யம். முற்றிலும் வெளிவந்துவிட்டால் நான்காம் நிலை. எல்லைக்கோட்டுக்கு மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றால் இரண்டாம் நிலை. அளவுகோல் ஒன்றும், யோனியை விரித்துப் பார்க்கும் கருவியும், பொறுமையுமே இதற்கு வேண்டியவை. பெரிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

அளவில்லாத இடத்தில் இரண்டு அநீதிகள் நேர்கின்றன. கடும் உபாதையுள்ளவள் அலட்சியம் செய்யப்படுகிறாள். இலேசான இறக்கமுள்ளவளோ தேவையின்றிக் கர்ப்பப்பையை இழக்கிறாள். தசைப் பயிற்சியாலும், யோனிக்குள் பொருத்தும் வளையத்தாலும் சுகம் பெறக்கூடியவர்கள் பலர் உண்டு. கர்ப்பப்பையை அகற்றாமலே தூக்கிக் கட்டும் சிகிச்சையை வகுத்தவர் நமது பம்பாய் டாக்டர் ஷிரோத்கர் என்பதை நாம் மறக்கலாமா? எவளுக்கு எது தகும் என்று தீர்மானிக்க, அவள் படும் உபாதையைச் செவிசாய்த்துக் கேட்பதோடு, சரியாக அளந்து எழுதிய குறிப்பும் இருக்க வேண்டும்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, ஆட்சேபங்களை மீறி மகாராஜா கல்லூரியில் பயின்று, 1912-ல் சென்னையில் வைத்தியப் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி. 1991-ல் எழுந்த அறிவொளி இயக்கத்தில் எழுத்தும் சைக்கிளும் கற்றுத் துணிந்து வெளியே வந்தவர்கள் இந்த ஜில்லாவின் ஸ்திரீகள். கல் குவாரித் தொழிலாளிகளும் அவர்களில் இருந்தார்கள். அத்தகைய மண்ணில் வெட்கம் என்னும் விலங்கு இன்னும் நீடிப்பது தகுமா?

சர்க்காரிடம் நாம் கோருவது இதுவே: கிராம ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மறைவான அறையும், ஸ்திரீ வைத்தியரோ பயிற்சி பெற்ற நர்ஸோ இருக்க வேண்டும்; அளவைச் சீட்டில் எழுதி அவளிடமே கொடுக்க வேண்டும். தேசத்தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் மாதர் விடுதலை பேசி வீடு திரும்பியதும், தாயையும் மனைவியையும் ‘உடம்புக்கு என்ன?’ என்று பரிவோடு கேளுங்கள். அவர்கள் சொல்லத் தொடங்கினால் பொறுமையாகக் கேட்டு, வைத்தியசாலைக்கு உடன் செல்லுங்கள். அந்தத் தொண்டு மற்றெந்தத் தொண்டுக்கும் குறைந்ததன்று.