கல்லை மட்டும் பார்த்தால் ஊர் தெரியுமா?

சுற்றுலா போய் வந்தவர்களிடம் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், நின்று படம் எடுத்த இடங்களைச் சொல்வார்கள், பிறகு சாப்பிட்ட கடைகளைச் சொல்வார்கள். அந்த ஊர் மக்கள் என்ன தொழில் செய்து வாழ்ந்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. கடந்த விடுமுறையில் வல்வெட்டித்துறைக்குப் போகும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மம்மா ஒரு பையோடு புத்தளத்துக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது புத்தளத்தில்தான். வல்வெட்டித்துறையில் இருக்கும் வாப்பாவின் நண்பர் எங்களைப் பலமுறை அழைத்திருந்தார். அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே எங்கள் வீட்டில் சிறிது நேரம் யாரும் பேச மாட்டார்கள். கடைசியில் வாப்பா "போவோம்" என்றார். உம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "அங்க நாங்க எங்க சாப்பிடுற?"

மாமா முதலில் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். ஒரு காலத்தில் இந்தக் கரையில்தான் பாய்மரக் கப்பல்கள் கட்டப்பட்டன. படிப்பால் வந்த பொறியியலாளர்கள் அல்லர், கையும் கண்ணும் கொண்டு மரத்தை அளந்த மேத்திரிமார்தான் அவற்றைக் கட்டினார்கள். தண்டையல்மார் அவற்றை இந்தியக் கரைகளுக்கும் பர்மாவுக்கும் செலுத்தினார்கள். இங்கு கட்டப்பட்ட 'அன்னபூரணி' ஏறத்தாழ 90 அடி நீளமானது. வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் சமுத்திரம் எல்லாம் கடந்து செலுத்தி, 1938 ஓகஸ்ட்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். 1971இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து திரும்பிய ஆழிக்குமரன் ஆனந்தனும் இந்த ஊர்க்காரர்தான்.

இயந்திரக் கப்பல்கள் வந்தன. நாடுகளுக்கிடையே சட்டங்கள் இறுகின. பிறகு யுத்தம் வந்தது. 1989 ஓகஸ்ட்டில் இவ்வூரில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள் என்று மாமா சொன்னபோது, வாப்பா அவருடைய தோளில் கை வைத்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இனி உம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பருத்தித்துறைப் பக்கம் போனபோது தெருமூடி மடத்தைப் பார்த்தோம். தெருவுக்கு மேலே கூரை போட்டு, வழிப்போக்கர் இளைப்பாறக் கட்டிய கல் மடம் அது. அங்கிருந்து திரும்பும்போது பருத்தித்துறை வடை வாங்கினோம். தட்டையாக, மொறுமொறுவென்று இருக்கும். பல நாள் கெடாது. கடலோடிகள் கட்டிக்கொண்டு போக ஏற்ற பண்டம் என்று எனக்குத் தோன்றியது. இரவு மாமாவின் வீட்டில் ஒடியல் கூழ். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் மீன், இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் போட்டுக் காய்ச்சியிருந்தார்கள். நான் தயங்கியதைக் கண்ட ஆச்சி, "பிள்ளை, பயப்பிடாமல் குடி. மீனும் மரக்கறியும்தான். உங்களுக்கெண்டு புதுச் சட்டியிலதான் காய்ச்சினனான்" என்றார். பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடித்தேன். பனையும் கடலும் ஒரே சட்டியில் இருந்தன. அந்த ஊரின் பொருளாதாரத்தை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

என் கருத்து இதுதான். ஓர் ஊரை அதன் காயத்தால் மட்டும் அறிவது அந்த ஊருக்குச் செய்யும் அநியாயம். வல்வெட்டித்துறை என்றால் வெளியில் பலருக்கு யுத்தம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. எங்களைப் பற்றியும் அப்படித்தான். நாங்கள் வியாபாரிகளாகவும் தையற்காரராகவும் ஆசிரியராகவும் வாழ்ந்த தெரு மறைந்துபோய், 'அகதிகள்' என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது. காயத்தை மறைக்கச் சொல்லவில்லை. காயத்துக்கு முன்னும் ஒரு வாழ்வு இருந்தது, அதையும் சொல்லுங்கள் என்கிறேன்.

"போன தொழிலைப் பற்றி எழுதி யாருக்கு என்ன லாபம்?" என்று வகுப்பில் ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. கப்பல் கட்டும் காலம் திரும்பாது என்பது எனக்கும் தெரியும். ஆனால், தை மாதத்தில் பட்டத் திருவிழாவுக்கு வல்வெட்டித்துறைக் கரையில் கூடும் கூட்டம், வானத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போகலாமா? கப்பல் கட்டிய கதையை மூன்று மொழியிலும் அவர்களுக்குச் சொல்லலாம். அந்த ஊர்ப் பெண்கள் காய்ச்சிய கூழை அங்கேயே விற்கலாம். அதில் வருமானமும் உண்டு, மரியாதையும் உண்டு.

தோழியரே, அடுத்த முறை ஓர் ஊருக்குப் போனால், கடையைத் தேடும் முன் ஒரு முதியவரைத் தேடுங்கள். "உங்கள் ஊரில் என்ன தொழில் நடந்தது? என்ன சமைத்தீர்கள்?" என்று கேளுங்கள். நான் முதலில் என் வீட்டிலேயே தொடங்கியிருக்கிறேன். சோனகத் தெருவில் எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கடை இருந்தது என்று உம்மம்மா சொல்லச் சொல்ல, கொப்பியில் எழுதுகிறேன். பதினொரு கடைகள் வந்துவிட்டன. பன்னிரண்டாவது நினைவுக்கு வரவில்லையாம், நாளைக்குச் சொல்வாராம்.