'நெடுந்தீவு' எண்டு பிரிண்ட் பண்ணிக் காட்டுங்கோ, பிறகு கதைப்பம்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் ஒரு மின்திட்டம். ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கையெழுத்தானது. தொகை 1 கோடியே 10 லட்சம் அமெரிக்க டொலர். மூன்று தீவுக்கும் சேர்த்து சூரிய ஒளியில் 1,700 கிலோவாட், காற்றில் 530 கிலோவாட். இந்த மாதம் சூரியன் எவ்வளவு, காற்று எவ்வளவு, டீசல் எவ்வளவு என்று ஒரு வரைபு போட்டுச் சுவரில் ஒட்டினால், அதை வாசிக்கவேண்டியது ஆர்? தீவுச் சனம். எந்த மொழியில்?

'இதிலென்ன கேள்வி?' என்பீங்கள். மென்பொருள் எழுதுற எங்கட ஆக்களிட்டக் கேட்டுப் பாருங்கோ: "லேபிளை இங்கிலீசில விடுவம், தமிழ் உடையுது." இந்தப் பதிலோடதான் எனக்குச் சண்டை.

உடையுறதுக்குக் காரணம் இருக்கு. யுனிகோட்டில் 'நெ' என்பது முதலில் ந, பிறகு கொம்பு என்றே சேமிக்கப்படுகிறது. கொம்பை எடுத்து முன்னுக்குப் போடுவது, 'டு'வை ஒரே வடிவமாக்குவது எல்லாம் ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு இயந்திரத்தின் வேலை. அது இல்லாத லைப்ரரியில் ந தனியே நிற்கும், கொம்பு போய் ட-வில் ஒட்டும். தீவின்ர பெயரே பிழைச்சுப்போகும். பைதன்காரர் எல்லாரும் கைவைக்கிற மாட்பிளாட்லிப் 2003இல் வந்தது. ஆனால் பல பதிப்புகளாக அதன் வழமையான எழுத்து வரைதலில் இந்த வேலை நடக்கவில்லை.

அப்ப வழியே இல்லையா? இருக்கு, அதுவும் இலவசமாக. அதே மாட்பிளாட்லிப்புக்கு எம்பிஎல்கெய்ரோ என்ற மாற்றுப் பின்தளம் உண்டு. 1986இலிருந்து இருக்கிற நுபிளாட், பாங்கோ வழியாகப் பிடிஎஃப் எழுதும்போது தமிழைச் சரியாகத் தரும். கியூட்டி தன் வயிற்றுக்குள்ளேயே ஹார்ஃப்பஸ்ஸை வைத்திருக்கிறது. திரைக்கு வரையிற அதே கைதான் பிரிண்டருக்கும் வரையும். ஜாவாவும் 9ஆம் பதிப்பிலிருந்து அப்படித்தான். ஜேஃப்ரீசார்ட் அதன் மேலே ஓடும். உரிமத்தை மட்டும் வாசியுங்கோ: கியூட்டி சார்ட்ஸ் ஜிபிஎல், மூலநிரலை மூடி வைக்கவேணுமெண்டால் காசு. ஜேஃப்ரீசார்ட் எல்ஜிபிஎல், அந்தக் கட்டாயம் இல்லை.

"பாமினியில அடிச்சா உடையாதே?" என்று ஒரு குறுக்குவழி சொல்லுவினம. உடையாதுதான். அந்தப் பிடிஎஃப்பில் 'டீசல்' என்று தேடிப் பாருங்கோ, கிடைக்காது. பிரதி எடுத்து ஒட்டினால் வாறது இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. ஐந்து வருசத் தரவை ஒருவர் ஒப்பிட வேணுமெண்டால் எல்லாத்தையும் திரும்ப அடிக்கவேணும்.

இன்னொரு கூட்டம் எல்லாத்தையும் இணையத்தில் போடச் சொல்லும். கூகுள் சார்ட்ஸை எடுங்கோ: வரைபு வரையிற நிரல் ஒவ்வொருமுறையும் கூகுளின் வழங்கியிலிருந்து வரவேணும், இறக்கி வைத்துப் பாவிக்க அதன் விதி விடாது. குறிகட்டுவானில் வள்ளம் ஏறிப் போற தீவில, சிக்னல் இல்லாத அண்டைக்கு உங்கட அறிக்கையும் இல்லை. கணினியில் நிறுவி ஓடும் மென்பொருளை 'பழசு' என்று நக்கலடிக்கிறவர்கள் இதை யோசிக்கிறதில்லை.

கடைசியாகத் தாள். அலுவலகங்களில் இருக்கிறது கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர். திரையில் சிவப்பும் பச்சையுமாக மின்னின கோடுகள் தாளில் ஒரே சாம்பல். புள்ளிக்கோடு, முறிகோடு, குறியீடு போட விடுற லைப்ரரி வேணும். வரைபைப் படமாக இல்லாமல் கோடாகவே பிரிண்டருக்கு அனுப்பவும் வேணும், இல்லாட்டி 600 புள்ளி அடிக்கிற பிரிண்டரிலும் எழுத்து மங்கும்.

வடக்கு கிழக்கின் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்லுது. அதைக் கொழும்பு மீறினால் அறிக்கை விடுறம். நாங்களே லைப்ரரி தெரிவில் விட்டுக்கொடுத்தால் அதுக்குப் பெயர் 'தொழில்நுட்பச் சிக்கல்'. நட்சத்திரம் எத்தனை, ஆர் ஆர் பாவிக்கினம் எண்டு பார்க்க முதல், இணையத்தைக் கழட்டிப்போட்டு, 'நெடுந்தீவு' என்று தலைப்பிட்டு ஒரு வரைபைக் கறுப்பு வெள்ளையில் அடியுங்கோ. கொம்பு சரியான இடத்தில் நிக்காத லைப்ரரி எங்கட வேலைக்கு ஆகாது.