கண்ணாடித் தொட்டியிலிருந்து வயலுக்கு

தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு குளத்தில் விழுந்தது அடுத்த குளத்திற்கும் போய்ச் சேரும். ஆகவே சாகுபுரம், ஆறுமுகநேரி, ஆத்தூர் வட்டார விவசாயிகள் அலங்கார மீன் கடையில் விற்பதையும் கவனிக்க வேண்டும்.

'டேங்க் கிளீனர்' எனப்படும் தென் அமெரிக்க மீன், தொட்டியில் பாசி தின்னும் என்று குஞ்சாக வாங்கப்படுகிறது. ஓரடிக்கு மேல் வளர்ந்து தொட்டிக்கு அடங்காதபோது, கொல்ல மனமின்றிக் குளத்தில் விடுகிறார்கள். தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் இது இப்படித்தான் பரவியது. கரையில் வளை தோண்டி முட்டையிடுவதால் கரை பலமிழக்கும். இதன் முள் வலையைக் கிழிக்கும். பிடித்தாலும் சந்தையில் விலை போகாது.

வாழையையும் காய்கறி நாற்றையும் தின்னும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை, 1847-ல் பென்சன் என்ற நத்தை ஆய்வாளரால் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தது. 1966-ல் ஒரு சிறுவன் ஹவாயிலிருந்து மூன்று நத்தைகளை மயாமிக்குக் கொண்டுவந்தான். அவை தோட்டத்தில் விடப்பட்டன. ஏழு ஆண்டுகளில் 18,000-க்கு மேல் பெருகின. ஒழிக்கப் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவாயிற்று.

தபாலும் ஒரு வழிதான். 2020-ல் பல நாட்டு மக்களுக்குக் கேட்காமலே விதைப் பொட்டலங்கள் வந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் மத்திய வேளாண் அமைச்சகமும் எச்சரித்தது. விதையோடு களையும் நோயும் வரலாம்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் சரக்கைச் சோதிக்கத் தாவரத் தனிமைக் காப்பு நிலையம் உண்டு. வீட்டுத் தொட்டியைச் சோதிக்க யாருமில்லை. வேண்டாத மீனை விற்ற கடையே திரும்பப் பெற வேண்டுமென உள்ளாட்சி மன்றங்கள் விதி செய்வது நியாயம். லாபம் கடைக்கு, நஷ்டம் குளத்து ஆயக்கட்டுக்கு என்றிருப்பது முறையல்ல.

விவசாயிகள் செய்யக்கூடியவை:

• தொட்டி மீனையும் தொட்டிச் செடியையும் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள்.

• கேட்காமல் வந்த விதையை விதைக்கவோ குப்பையில் எறியவோ வேண்டாம். உறையோடு வேளாண்மை அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

• ராட்சத நத்தை தென்பட்டால், மாலையில் ஈரச் சாக்கை விரித்து, அதன் அடியில் பப்பாளி இலை வையுங்கள். காலையில் ஒதுங்கியிருக்கும் நத்தைகளைக் கையுறையுடன் பொறுக்கி உப்புநீரில் போட்டுக் கொல்லுங்கள். வயலில் உப்பைத் தூவினால் மண் கெடும்.

முதல் நத்தையைப் பொறுக்க ஒரு நிமிடம் போதும். பெருகிய பின் ஊரே கூடினாலும் போதாது.