திரையுறுப்பும் தரவும்

நம் கல்லூரிக் கணினித்துறையின் இறுதியாண்டு மாணாக்கர் குழுகுழுவாய்ச் சேர்ந்து வலைச் செயலி ஒன்று இயற்றித் தருதல் ஆண்டுதோறும் நிகழ்வது. சென்ற ஆண்டு ஒரு குழுவினர், ஜாவா மொழியில் அமைந்த விக்கெட் என்னும் சட்டகத்தைக் கொண்டு விடுதி உணவுக் கணக்கினைக் காட்டும் செயலி ஒன்றனை இயற்றினர். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆயினும், பணம் கட்டி அலுவலகத்தார் அதனைப் பதிந்த பின்னரும், அதே பக்கத்தில் பழைய பாக்கியே நின்றது. கட்டிய தொகையை மீண்டும் கட்டுமாறு ஒரு மாணவர் கேட்கப்பட்டார். தரவுத்தளத்திலோ கணக்குச் சரியாகவே இருந்தது. பிழை யாண்டுளது என வினவிய எமக்குக் கிடைத்த விடையே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

பாக்கித் தொகையைக் காட்டும் லேபிள் என்னும் உறுப்பினை ஆக்குங்கால், அம்மாணாக்கர் கணக்கிலிருந்து தொகையை எடுத்து அவ்வுறுப்பின் கையிற் கொடுத்துவிட்டனர். விக்கெட்டில் ஒரு பக்கம் ஒருமுறையே ஆக்கப்படுவது. பயனர் ஓர் இணைப்பை அழுத்தும்போது முன்னர் ஆக்கிய அப்பக்கமே மீண்டும் வரையப்படும். ஆகவே ஆக்கிய வேளையிற் கொடுத்த தொகை, கிழிக்க மறந்த நாட்காட்டித் தாள்போல அங்கேயே தங்கிவிட்டது. உறுப்பிற்குக் கொடுக்கவேண்டுவது மதிப்பன்று. மதிப்பினை வேண்டும்போதெல்லாம் கேட்டறியும் வழியே. அவ்வழிக்குத்தான் விக்கெட்டில் மாடல் என்று பெயர். தொகையைச் சீட்டில் எழுதி மடியில் வைத்திருப்பவனுக்கும், கேட்கும்போதெல்லாம் பேரேட்டைப் புரட்டி விடை சொல்லும் கணக்கப்பிள்ளைக்கும் உள்ள வேற்றுமை இஃதென்க.

இக்கருத்து புதியதன்று. தரவு, தோற்றம், ஆள்கை என மூன்றாகப் பிரித்தெழுதும் முறையை டிரிக்வே ரீன்ஸ்காக் என்னும் நார்வே நாட்டறிஞர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1979-ஆம் ஆண்டிலேயே வகுத்தார். ஜானதன் லாக் 2004-இல் தொடங்கிய விக்கெட், 2007-இல் அப்பாச்சி அறக்கட்டளையின் முதனிலைத் திட்டங்களுள் ஒன்றாயிற்று. அதன் மாடலுக்குத் தொழில்கள் மூன்றே: பொருளைத் தருதல், பொருளை ஏற்றல், வேலை முடிந்தபின் கைவிடல். லேபிள் முதற்றொழிலை மட்டும் வேண்டும். எழுதும் கட்டம் இரண்டாவதனையும் வேண்டும். பயனர் ஒரு படிவத்தை அனுப்பியவுடன் எல்லாக் கட்டங்களும் சோதிக்கப்பெற்று, ஒன்றேனும் தவறின் எந்த மாடலும் தொடப்படாமல் படிவம் திரும்புதல் இவ்வமைப்பின் அழகுகளுள் ஒன்றாம்.

மூன்றாம் தொழிலைத்தான் மாணாக்கர் பெரிதும் புறக்கணிக்கின்றனர். ஒரு கோரிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே விக்கெட் பக்கங்களைச் சேமித்து வைக்கின்றது. பக்கத்தினுள் விடுதிக் கணக்கு முழுவதையும் அடைத்துவிட்டால், அச்சுமையும் உடன் சேமிக்கப்படும். அன்றியும், சேமித்த படி வேறு, தரவுத்தளத்து மெய் வேறு என்றாகும். லோடபிள் டிடாச்சபிள் மாடல் என்பது கணக்கின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு கோரிக்கையில் முதன்முறை கேட்கப்படும்போது கணக்கைக் கொணர்ந்து, பத்து உறுப்புகள் கேட்பினும் அதனையே தந்து, கோரிக்கை முடிந்ததும் விட்டுவிடும்.

இனி, எமக்கும் நம் ஆசிரியர் சிலர்க்கும் கருத்து வேறுபடும் இடத்திற்கு வருவோம். காம்பவுண்ட் பிராப்பர்ட்டி மாடலை முதலிற் கற்பித்தல் எளிதென்பர் அவர். படிவத்திற்கு ஒரு மாடலை அமைத்துவிட்டால், உள்ளிருக்கும் ஒவ்வோர் உறுப்பின் அடையாளப் பெயரே அது காட்டவேண்டிய பண்பின் பெயராகக் கொள்ளப்படும். பத்துக் கட்டங்களுக்குப் பத்து வரி போதும். சுருக்கம் உண்மைதான், யாமும் அதனை விரும்பிப் பயன்படுத்தியவர்களே. ஆனால் அப்பெயர் வெறும் எழுத்துச் சரம். ஜாவா வகுப்பில் ஒரு பண்பின் பெயரை மாற்றினால் தொகுப்பான் ஒன்றும் சொல்லாது. பக்கத்தைத் திறக்கும் பயனரே பிழையை முதலிற் காண்பார். எளிமையின் பெயரால் தொடக்க மாணாக்கனுக்கு ஊமைத் தொகுப்பானைத் துணையாகக் கொடுத்தல் தகுமோ?

2018-இல் வெளிவந்த விக்கெட் 8-ஆம் பதிப்பு இதற்கு வழி செய்துள்ளது. லாம்டா மாடலில் பெயரைச் சரமாக எழுதாது, படிக்கும் முறையையும் எழுதும் முறையையும் நேரே சுட்டலாம். தவறினால் தொகுப்பானே தடுத்துவிடும். ஒன்று ஒப்புக்கொள்ளவேண்டும்: மாணவர்க்கு முகவரி இல்லையெனில், முகவரியின் ஊரைக் கேட்கும் சரவழி மாடல் வெறுமையைத் தந்து அமைதியாக இருக்கும், கவனமின்றி எழுதிய லாம்டா அவ்விடத்து முறிந்துவிடும். அதற்கும் அதே பதிப்பில் மேப் என்னும் முறை உண்டு. படிப்படியாய்ச் சென்று, வெறுமை எதிர்ப்பட்டால் வெறுமையையே தரும். ஆதலின், கைவிடும் மாடலையும் லாம்டாவையும் முதலிலும், சரவழிச் சுருக்கத்தைப் பின்னரும் கற்பித்தலே முறை என்பது எம் துணிபு. நம் ஆய்வுக்கூடக் கையேட்டிலுள்ள முதல் எடுத்துக்காட்டோ மதிப்பை நேரே லேபிளுக்குக் கொடுக்கின்றது. அம்மாணாக்கர் பிழையைப் பெரும்பாலும் அங்கிருந்தே கற்றனர் என்று கூற எமக்கு நாணமாயிருக்கின்றது. வரும் பருவத்திற்கு முன் அதனை மாற்றுமாறு துறையை வேண்டுகின்றோம்.

இக்காலத்துத் திரைவேலை பெரும்பாலும் பிரௌசரிலேயே நடக்க, சர்வரிலே பக்கம் வரையும் சட்டகத்தைப் பற்றி இத்துணைப் பேச்சு ஏன் என்பார்க்கு ஒரு சொல்: பழைய மதிப்பைப் படியெடுத்து வைத்துக்கொண்டு ஏமாறுதல் அங்கும் உண்டு, பிழைக்குக் களம் மாறியதே யன்றிப் பிழை மாறவில்லை.

விடுதிச் செயலியை அக்குழுவினர் திருத்திவிட்டனர்; மாற்ற நேர்ந்தவை சில வரிகளே. அம்மாணவர் பெயருக்கு நேரே இப்போது பாக்கி இல்லை என்று காட்டுகின்றது. மாத அறிக்கைப் பக்கம் மட்டும் இன்னும் சரங்களின்மேல் நிற்கின்றது. அதனை இளைய வகுப்பார் கையில் எடுத்துள்ளனர்.